யாரோ சேர்த்த முத்திரை அல்பத்துக்குக் காசு கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி, 09.02.2024

யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறை வீதிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் தபால் முத்திரை அல்பம் ஒன்று கிடக்கிறது. 3,000 ரூபா சொல்கிறார்கள். யாரோ ஒரு பெடியன் பள்ளிக்கூடக் காலத்தில் சேர்த்தது. முத்திரைக்குப் பெறுமதி இருந்தால் வாங்கலாம், அது சரி. ஆனால் ‘பழைய ஞாபகம்’ என்று சொல்லி வாங்குகிறார்களே, அது யாருடைய ஞாபகம்? அவனுடைய சின்ன வயதை நான் வாங்கி என்ன செய்ய? உடையவன் கைவிட்ட சேகரிப்பு வெறும் பழைய பேப்பர் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

10.02.2024, காலை

பெறுமதிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அல்பத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், 3,000 அநியாயம். பள்ளிக்கூடப் பெடியன்களின் அல்பத்தில் பாதிக்குமேல் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அஜ்மான், ஷார்ஜா, புஜைரா, உம் அல் குவைன் என்று பளபளவென்று பெரிய பெரிய முத்திரைகள். பூனை, ரொக்கற், ஒலிம்பிக் ஓட்டக்காரர். 1971இல் ஒன்றாகச் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் ஆகுமுன், அந்தச் சின்ன நாடுகளின் பெயரில் வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கவென்றே அச்சடித்துத் தள்ளியவை. கடிதத்தில் ஒட்டாமலே சீல் குத்தி, பைக்கற்றில் போட்டு விற்றார்கள். கண்டுபிடிப்பது சுகம். முத்திரையைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் சீல் இருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் வந்து, தண்ணீரில் ஊறிக் கழன்ற முத்திரைக்குப் பசை எங்கே மிஞ்சும்?

1857இல் வந்த இலங்கையின் முதல் முத்திரையோ, 1859இன் நான்கு பென்ஸ் மங்கல் ரோசாவோ அதற்குள் இருக்கும் என்று கனவு காண வேண்டாம்.

ஆகப் பெறுமதியில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் மூன்று கிழமைக்கு முன் நானே ஒன்று வாங்கினேன். 1,200 ரூபா. வீட்டில் 800 என்று சொல்லியிருக்கிறேன்.

10.02.2024, இரவு

ஏன் வாங்கினேன் என்று உடனே கேட்டுவிட்டீர்கள். அதற்குமுன் என்ன வாங்கினேன் என்று சொல்கிறேன்.

நான் போனது ஒரு பழைய கதவுப் பிணைச்சல் தேடி. தராசுக்குப் பக்கத்தில் பழைய கொப்பிக் கட்டுகளோடு இது கிடந்தது. எடுத்து விரித்தேன். கடைக்காரத் தம்பி, “ஐயா, உதில ஒண்டுமில்லை, கிலோக் கணக்கில வந்தது” என்றார். “அப்ப கிலோக் கணக்கில தாருமன்” என்றேன். “அது சரிவராது, நீங்கள் கனநேரம் பாத்திட்டியள்” என்றார். இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சாமான் கடையில் நாம் எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறோமோ அவ்வளவுக்கு விலை ஏறும்.

அல்பம் என்றால் கடையில் விற்கிற அல்பம் இல்லை. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. மட்டையில் நீலப் பேனையால் ‘முத்திரை அல்பம்’, அதற்குக் கீழே இரட்டைக் கோடு. முதல் பக்கத்தில் ‘இதை எடுப்பவன் கழுதை’. (எடுத்தாயிற்று.) அதன் கீழே பெயர். ஆனால் பெயருக்குமேல் செலோரேப் ஒட்டி, அது பழுத்துத் தேன் நிறமாகி எழுத்தைப் பாதி விழுங்கிவிட்டது.

ஒவ்வொரு இரண்டாவது தாளையும் அடியிலே ஒரு விரல் விட்டு வெட்டி எடுத்திருக்கிறான். முத்திரை சேரச் சேரக் கொப்பி வீங்கி வாய் பிளக்கும் என்று முன்கூட்டியே யோசித்த பெடியன். முத்திரைகளை ஒட்டியிருப்பது தபால் கந்தோரில் முத்திரைத் தாளைக் கிழிக்கும்போது மிஞ்சுகிற வெள்ளை ஓரத்தால். அதைச் சின்னச் சின்னதாக வெட்டி மடித்து, ஒரு பாதி முத்திரைக்கு, மறுபாதி கொப்பிக்கு. நடுப்பக்கத்தோடு ஓரம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, அங்கிருந்து விளாம்பிசின். பிசின் போட்ட பக்கங்கள் இப்போது அப்பளம் மாதிரி. விரித்தால் சத்தம் கேட்கிறது. சோற்றால் ஒட்டிய பக்கமும் ஒன்று உண்டு. அதைப் பூச்சி தின்று, முத்திரைகளை மட்டும் மரியாதையாக விட்டுவைத்திருக்கிறது.

நான் இருபத்தாறு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன், போன வருடம்தான் ஓய்வெடுத்தேன். அந்த வெள்ளை ஓரத்தைக் கேட்டு யன்னலடியில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கடைசியாக ஒரு பிள்ளை வந்து கேட்டது எப்போது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். வருடம் வரவில்லை.

இன்னொன்று. ஒரே ஒரு முத்திரைக்குமேல் மட்டும் சிகரட் பெட்டியின் கண்ணாடித்தாளை நாலு மூலையும் பிடித்து ஒட்டிப் பாதுகாத்திருக்கிறான். 1971இல் வந்த ஆறுமுக நாவலர், 5 சதம். யாழ்ப்பாணத்தில் முத்திரை சேர்த்த எல்லாரிடமும் இருந்த முத்திரை. என்னிடம் ஏழு இருந்தது.

11.02.2024

சரி, ஏன் வாங்கினேன். என்னுடையது இல்லாமல் போனதால். இதற்குமேல் தத்துவம் வேண்டாம்.

என்னுடையது ஒரு பிஸ்கற் ரின், உள்ளே இரண்டு கொப்பி, ஒட்டாத முத்திரைகள் நாட்டுவாரியாகக் கடித உறைகளில். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. சைக்கிளில் அரிசி, இரண்டு பாய், அம்மாவின் மருந்து, காணி உறுதி. ரின் அலுமாரிக்கு மேலே இருந்தது. கை நீட்டினால் எட்டும், ஆனால் அந்த நேரம் யார் முத்திரையை நினைப்பார்? தென்மராட்சியில் ஆறு மாதம் இருந்து 1996 சித்திரைக் கடைசியில் திரும்பி வந்தபோது ரின்னும் இல்லை, அலுமாரியும் இல்லை.

இந்தக் கதையை இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளைகளுக்குப் பாடம்.

12.02.2024

‘செல்லில் போனதா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தச் செல் ஐயா? மேலே இருந்து விழுகிறதா, கீழே இருந்து அரிக்கிறதா? எங்கள் ஊரில் இரண்டும் செல்தான், இரண்டுக்கும் கொப்பி என்றால் விருப்பம். தமிழ்நாட்டு வாசகருக்கு: எறிகணையையும் கறையானையும் நாங்கள் செல் என்போம்.

18.02.2024. திருத்தம். தயவுசெய்து வாசிக்கவும்

மேலே 11ஆம் திகதி எழுதியது பிழை.

கனடாவில் இருக்கும் அக்கா இதையெல்லாம் வாசித்துவிட்டு நேற்று ஃபோன் எடுத்தா. சுகம் விசாரிக்கவில்லை. “என்னடா பொய் எழுதி வச்சிருக்கிறாய்? நீ அந்த ரின்னைத் தொண்ணூற்றொண்டிலயே டைனமோவுக்குக் குடுத்திட்டாய்” என்றா.

இல்லை என்றேன். “குடுத்தனி. ஒழுங்கை முடக்கில சைக்கிள் திருத்திற கொட்டில் வச்சிருந்தவரின்ர மகன் முத்திரைக்கு ஆசைப்பட்டவன். அம்மா உன்னைப் பேசினவா, நீ ரெண்டு நாள் சாப்பிடேல்லை.”

அவ ‘சாப்பிடேல்லை’ என்று சொன்னதும் வந்துவிட்டது. டைனமோ வந்தது. அதன் எண்ணெய் மணம் வந்தது. 1990இலேயே மின்சாரம் நின்றுவிட்டது, பற்றறி தடைப்பட்ட சாமான், கிடைத்தாலும் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்போம். இரவில் பிபிசி தமிழோசை. சுற்றுகிற ஆள் களைத்தால் செய்தி கம்மும், பக்கத்துவீட்டு ஐயா “சுத்தடா, சுத்தடா” என்று வேலிக்கு மேலால் கத்துவார். சுற்றியது நான்தான். அந்த டைனமோ என் முத்திரைகள்தான்.

அப்படியென்றால் 1995இல் அலுமாரிக்கு மேலே இருந்த ரின் எது? “அது என்ர பழைய நூல் ரின்” என்றா அக்கா.

நான் பொய் சொல்லவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். நம்பித்தான் சொன்னேன். ஆனால் யோசித்தால் எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் ‘தொண்ணூற்றஞ்சில போட்டுது’ என்பதுதான் பதில். அம்மியில் இருந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடிவரை. அதில் எத்தனை நாங்களே விற்றது, கொடுத்தது, தொலைத்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மூக்குக்கண்ணாடியையாவது நான்தான் உடைத்தேன். அது எனக்கு எப்போதும் தெரியும்.

18.02.2024, பின்னேரம்

‘அப்ப நீங்கள் அல்பம் வாங்கின நியாயமே விழுந்துபோச்சே’ என்கிறார் கேள்வி கேட்டவர். விழுந்தது உண்மைதான். அல்பம் விழவில்லை. மேசையில் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

24.02.2024

இந்தக் கிழமை முழுக்கப் பூதக்கண்ணாடியோடு இருந்தேன். எழுத நிறைய இருக்கிறது, பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

முதலில் கவனிக்காத ஒன்று. முத்திரைகளுக்குக் கீழே பென்சிலால், எறும்பு அளவில், எழுத்து. ‘பெரியப்பா’. ‘முன்வீட்டு ரீச்சர்’. ‘கடைக்கார மாமா’. ‘முன்வீட்டு ரீச்சர்’. யாருக்கு வந்த கடிதத்திலிருந்து எடுத்தது என்ற கணக்கு. பைக்கற்றில் வாங்கிய அஜ்மான் பூனைகளுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்த எழுத்துகளோடு சீல்களையும் வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கையின் கதை வருகிறது. மலாயா, மலேசியா இரண்டரைப் பக்கம். ஜோர்ஜ் மன்னர் தலை, பிறகு ஓர்க்கிட் பூ, பிறகு வண்ணத்துப்பூச்சி. அதெல்லாம் மலாயன் பென்சன்காரக் குடும்பங்களுக்கு வந்தவை. றெயில்வேக்கும் கிளறிக்கல் வேலைக்கும் போன தலைமுறை. இங்கிலாந்து மூன்று பக்கம். இராணியின் தலை மட்டும், நாட்டுப் பெயர் இல்லை. 1840இல் உலகத்தில் முதன்முதல் முத்திரை ஒட்டியவர்கள் என்பதால் பெயர் போடத் தேவையில்லை என்ற பெருமை அவர்களுக்கு. பெடியன் ஒவ்வொரு நிறத்தையும் வேறு முத்திரை என்று நினைத்துச் சேர்த்திருக்கிறான், பதினெட்டு நிறம். நைஜீரியா, சாம்பியா சேர்த்து ஒரு பக்கம். படிப்பிக்கப் போன வாத்திமார். குவைத், சவூதி கொஞ்சம்.

பிறகு ஜேர்மனி. ஆறு பக்கம்! கோட்டைகள் போட்ட முத்திரைகள், 1977இலிருந்து வந்த வரிசை. சீல் வாசிக்கக்கூடியவற்றில் 1983க்கு முந்தியது நாலே நாலு. பல முத்திரைகளில் நாட்டுப் பெயரோடு ‘பெர்லின்’ என்றும் இருக்கும். மேற்கு பெர்லினுக்கு 1990வரை தனி முத்திரை. எண்பதுகளின் முதற்பாதியில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் போய் அகதி மனு போட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய முதற் கடிதங்கள் இவை. அதற்குப் பின்னால் பிரான்சு, ஹெல்வேஷியா, கனடா. (ஹெல்வேஷியா சுவிஸ். அது எந்த நாடு என்று தெரியாமல் நான் ஆபிரிக்காப் பக்கத்தில் வைத்திருந்தேன்.)

முன்வீட்டு ரீச்சருக்கு வருவோம். முன் பக்கங்களில் அவவுக்கு நாலு ஊரிலிருந்தும் கடிதம் வருகிறது. ஜேர்மனியின் மூன்றாம் பக்கத்தோடு அவவின் பெயர் நின்றுவிடுகிறது. பிறகு கனடாப் பக்கத்தில், ஒரு முத்திரைக்குக் கீழே, ‘முன்வீட்டு ரீச்சர் போட்டது’.

கடைசிப் பக்கம் விசித்திரம். மூன்றே முத்திரை, மூன்றும் ஜேர்மனி, 1986, 1987. மூன்றுக்கும் கீழே ‘அண்ணா’. பெடியனின் தமையன் கடைசியில் போயிருக்கிறார் போல.

கடைக்காரத் தம்பியிடம் இது எழுபதுகளின் அல்பம் என்று பெரிய நிபுணர்போல அடித்துச் சொல்லியிருந்தேன். பத்து வருடம் பிழை.

24.02.2024, இரவு

கேள்வி கேட்டவரின் கடையில் விலை 2,500க்கு இறங்கிவிட்டதாம். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கிறாராம். பழைய பேப்பரை ஏன் ஐயா கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கிறீர்கள்? பார்க்கிறதென்றாலும் கையில் எடுக்காதீர்கள், விலை ஏறும்.

02.03.2024

சின்ன வயதில் சேர்த்தவை பற்றி நீங்கள் எல்லாரும் எழுதியதில் எனக்குப் பிடித்தவை.

கோண்டாவில்காரர்: யாழ்தேவி வருமுன் தண்டவாளத்தில் சதுர 5 சதத்தை வைத்து நசுக்கி, ஒவ்வொன்றிலும் திகதி கீறி வைத்திருந்தாராம். நானும் நசுக்கியிருக்கிறேன், திகதி போடும் புத்தி வரவில்லை. 1990இல் ரயில் நின்றது, தண்டவாளமே பங்கருக்குப் போனது. 2014இல் ரயில் திரும்பி யாழ்ப்பாணம் வந்த கிழமை, பேரனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காசு வைத்தாராம். நசுங்கவில்லை, தெறித்து எங்கேயோ போய்விட்டது. இதைப் பிள்ளைகள் செய்ய வேண்டாம், தாத்தாமாரும் வேண்டாம்.

சோகி சேர்த்த அம்மா: கசூரினாக் கடற்கரையில் பொறுக்கியது நூற்றுக்குமேல், தாயம் விளையாட ஆறு மட்டும் எடுப்பாவாம். பழைய சாமான் கடையில் அப்படி ஒரு பை கண்டு கேட்டபோது கிலோ விலை சொன்னார்களாம். வாங்கவில்லை. “அது வேற ஆற்றையோ கடல்” என்று எழுதியிருக்கிறா. கேள்வி கேட்டவருக்கு ஒரு வோட்டு.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காசு சேர்த்தவர்கள் மூன்று பேர். தோட்டம் கொத்தும்போது வரும், கறுத்த செப்புக் காசு, ஒரு பக்கம் அவர்களுடைய கொம்பனியின் மூன்றெழுத்து, VOC. 1658இலிருந்து 1795வரை இங்கே இருந்தவர்கள், காசைக் கண்டபடி சிந்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மூன்றெழுத்தைத் தமிழாக்கினால் வ.உ.சி. மதுரையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் “வ.உ.சி.க்குக் காசெல்லாம் அடிச்சிருக்கீங்களா!” என்று உருகிப்போனார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

‘சேது’ என்று எழுத்தும் நந்தியும் போட்ட, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி காலத்துக் காசு கிடைத்தது என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். அது வேறு விசயம். அதைச் சின்ன வயதுச் சேகரிப்போடு சேர்க்காதீர்கள். எங்கே கிடைத்தது என்பதை எழுதி வையுங்கள், தேய்த்து மினுக்காதீர்கள்.

அக்காவும் எழுதச் சொன்னா. அவ சேர்த்தது உடைந்த கண்ணாடி வளையல் துண்டு, நிறம் நிறமாக. அது எங்கே போனது என்று கேட்டேன். “நீதான் பட்டத்து நூலுக்கு மாஞ்சா போட இடிச்சாய்.” இந்த உரையாடலைத் தொடங்கியிருக்கவே கூடாது.

08.03.2024, சிவராத்திரி

நித்திரை முழிக்க வேண்டிய இரவு, எழுதலாம்.

செலோரேப்புக்குக் கீழே உள்ள பெயரை வாசித்துவிட்டேன். ரேப்பைக் கழற்றவில்லை. கழற்றினால் எழுத்தும் சேர்ந்து வரும். தாளுக்குப் பின்னால் ரோர்ச் பிடித்து, கண்ணாடியில் பார்த்தேன். பெயரை இங்கே போடமாட்டேன், வகுப்பு ஆறு பி.

கடைக்குப் போய்க் கேட்டேன். கொக்குவிலில் ஒரு வீடு விற்றபோது வந்ததாம். “முதல்ல கதவு நிலையளைக் கேட்டு வருவாங்கள் ஐயா, பிறகு பித்தளை, பிறகு கட்டில். கொப்பியள் கடைசி. அதைக் கேட்டு ஒருத்தரும் வாறேல்லை, கூட்டி அள்ளித் தருவினம்.” 2002இல் ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து லொறியோடு வந்து தூணையும் நிலையையும் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொப்பி வாங்க லொறி வந்ததாகக் கேள்விப்படவில்லை.

அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாமி. விசயத்தைச் சொன்னதும் தேத்தண்ணி வந்தது, பிறகு வட்ஸ்அப் நம்பர் வந்தது. இந்த ஊரில் ஆளைத் தேட இன்னமும் ஒரு தேத்தண்ணி நேரம்தான். கேட்க மறந்தது: முன்வீட்டு ரீச்சர் யார்? முன்வீடு இருந்த இடத்தில் இப்போது வாகனம் கழுவுகிற இடம்.

10.03.2024

பேசினேன். ஜேர்மனியில் இருக்கிறார், அறுபதை நெருங்குகிற ஆள். நான் அரை மணித்தியாலம் ஒத்திகை பார்த்துவிட்டு எடுத்தேன். அவர் சொன்னது: “ஓ, அதோ. எறியுங்கோ.”

எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “உங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்.”

கேள்வி கேட்டவரே, இன்று நீங்கள் வென்றீர்கள். உடையவனுக்கே வேண்டாமாம்.

13.03.2024

இல்லை, இன்னும் முடியவில்லை. நேற்று இரவு பதினொரு மணிக்கு அவரே எடுத்தார். மலாயாப் பக்கத்தில் நீலத்தில் ஒரு ஜோர்ஜ் மன்னர், வலது மேல் மூலை கிழிந்தது, இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. அப்பப்பாவின் பெட்டியில் இருந்த கடிதத்திலிருந்து களவாகக் கிழித்ததாம், பூவரசந்தடி முறியும்வரை அடி விழுந்ததாம். மூலை கிழிந்தது முத்திரைக்கு மட்டும் இல்லை என்று சிரித்தார்.

நாவலருக்கு ஏன் கண்ணாடித்தாள் என்று கேட்டேன். ஞாபகமே இல்லையாம்.

பிறகு, கதைப்பதற்காகத்தான் கேட்டேன், “உங்கட அண்ணையும் ஜேர்மனியோ?” என்று. “எனக்கு அண்ணை இல்லையே” என்றார். கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கனநேரம் ஒன்றும் வரவில்லை. நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். பிறகு ஒரு வரி வந்தது: “தங்கச்சியின்ர எழுத்து.”

1986இல் போனது அவர்தான். அவர் வீட்டுக்குப் போட்ட கடிதங்களின் முத்திரைகள் அவை. 24ஆம் திகதிக் குறிப்பில் தமையன் என்று நான் எழுதியதை அடித்துவிட்டு வாசியுங்கள்.

17.03.2024

தங்கச்சியிடம் கேட்டாராம். கொழும்பில் இருக்கிறா, வீட்டை விற்றதும் அவதான். “நான் உன்ர கொப்பியைத் தொட்டதே இல்லை, தொட்டால் கழுதை எண்டெல்லோ எழுதி வச்சிருந்தனி” என்கிறாவாம். நான் அக்காவை நினைத்துக்கொண்டேன். எழுத்து அவவுடையதுதான், ‘ண்’ணில் ஒரு சுழி கூட.

அல்பத்தை அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும், கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொருக்கால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கோ என்றார். பகலில், விறாந்தையில் வைத்து எடுத்து அனுப்பினேன்.

18.03.2024

விட்டுப்போனது. பின்மட்டையின் உட்புறத்தில் ஒரு கடன் கணக்கு இருக்கிறது. தலைப்பு ‘தரவேண்டிய ஆட்கள்’.

ச. – மலாயா 2
பெரிய கு. – ஹெல்வேஷியா 1 (கிழிஞ்சதைத் தந்தவன், மாத்த வேணும்)
தங்கச்சி – 50 சதம்

அதையும் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஃபோன். இந்த முறை குரலே வேறு. அந்த ‘ச.’ இப்போது அவருடைய ஊரிலேதான் இருக்கிறாராம், நாற்பது வருடச் சிநேகிதம், சனிக்கிழமை சனிக்கிழமை ஒன்றாகச் சீட்டு விளையாடுகிறவர்களாம். “இவ்வளவு நாளும் என்ர கையால கோப்பி வாங்கிக் குடிச்சிருக்கிறான்! வட்டியோட கேக்கிறன் பாருங்கோ.”

20.03.2024

கேள்வி கேட்டவர் அந்த அல்பத்தை 2,200க்கு வாங்கிவிட்டார். ‘முத்திரைகளுக்காகத்தான்’ என்று எழுதியிருக்கிறார். பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள் என்று பதில் போட்டேன். ‘ஒரு பக்கத்தில் இருக்கிறது, ஏன் கேட்கிறீர்கள்?’ என்றார். சும்மாதான்.

24.03.2024

சனிக்கிழமைச் சீட்டு நின்றுவிட்டதாம். ‘ச.’ வாக்குவாதம். அந்த இரண்டு மலாயாவுக்கும் பதிலாக எட்டுப் போளை (கோலிக்குண்டு) கொடுத்துத் தீர்த்தாயிற்று, அந்த இடத்திலேயே பேனையால் அடித்தான், நான் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறாராம். போளை வாங்கியதாக இவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வீடியோவில் வந்து என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

பின்மட்டையை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ‘மலாயா 2’க்குக் குறுக்கே ஒரு கோடு போகத்தான் செய்கிறது. முதலில் நேராக, பிறகு கொஞ்சம் வளைந்து. பேனையால் அடித்த மாதிரியும் இருக்கிறது, செல் போன பாதை மாதிரியும் இருக்கிறது.